கேள்வி கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன், 84,000 ரூபாய் போனது

போன வருஷம் மே மாதம் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். பணம் போனதைப் பற்றி மட்டும் எழுதுவதாக இருந்தால் அப்போதே எழுதியிருப்பேன். பணத்தோடு சேர்ந்து ஒரு சொல்லும் எனக்கு இரண்டு தடவை அடி கொடுத்தது. தேசபக்தி என்ற சொல். முதல் தடவை அதைக் காட்டி என் பணத்தை எடுத்தார்கள், இரண்டாவது தடவை அதைக் காட்டி என் வாயை மூடினார்கள். இரண்டாவது அடியால் இன்னொரு பெண்ணுக்கும் பணம் போனது. அதனால்தான் தாமதமானாலும் முழுசாக எழுதுகிறேன்.

எங்களுக்குத் திருச்சியில் சொந்த வீடு. மாடியில் ஒரு போர்ஷன் காலியானது. கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார், வீடு, வாடகை, மகள் படிப்பு எல்லாம் என் பொறுப்பு. நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வாடகை 14,000, அட்வான்ஸ் ஐந்து மாசம் என்று ஒரு வீட்டு வாடகைத் தளத்தில் விளம்பரம் போட்டேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, போன் வந்தது. "ஜெய் ஹிந்த் மேம்" என்று ஆரம்பித்தார். இந்தியும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. ராணுவத்தில் இருப்பதாகவும், ஜம்முவில் இருந்து திருச்சிக்கு மாற்றல் ஆகியிருப்பதாகவும், மனைவியையும் கைக்குழந்தையையும் முன்னால் கொண்டுவந்து குடிவைக்க வேண்டும் என்றும் சொன்னார். வாட்ஸ்அப் முகப்புப் படத்தில் சீருடையில் ஒருவர், தோளில் குழந்தை, பின்னால் தேசியக் கொடி. எனக்கு மனசு இளகிவிட்டது, அதை மறைக்க விரும்பவில்லை. சின்ன வயசில் ஆகஸ்ட் 15-க்குப் பள்ளியில் கொடியேற்றும்போது கண்ணில் நீர் வரும் ஆள் நான். இப்போதும் அப்படித்தான்.

நான் கேட்காமலே அடையாள அட்டை, ஆதார், பான் கார்டு, கேன்டீன் கார்டு என்று வரிசையாகப் படம் வந்து விழுந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். கேட்காமலே ஒருவர் இத்தனை ஆவணத்தை அனுப்புகிறார் என்றால் அது நேர்மைக்கு அடையாளம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படி இல்லை. பெரும்பாலும் அவை வேறு யாரோ ஒரு நிஜ ஜவானிடம் இருந்து திருடப்பட்ட படங்கள், இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் செய்தவை. ஆவணம் உண்மையானதாகவே இருந்தாலும், போனில் பேசுகிற ஆள்தான் அதில் இருக்கிற ஆள் என்பதற்கு அந்தப் படம் எந்த ஆதாரமும் இல்லை. இதை மட்டும் அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் போதும், மிச்சம் எதுவுமே நடந்திருக்காது.

வீட்டை வந்து பார்க்கச் சொன்னேன். இப்போது லீவு கிடைக்காது, படம் பார்த்தேன், பிடித்திருக்கிறது, இரண்டு மாச வாடகையை இப்போதே போட்டுவிடுகிறேன் என்றார். பணம் அவர் கணக்கில் இருந்து வராதாம், அவர்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருந்துதான் வருமாம், அங்கே முறையே தலைகீழாம். முதலில் நாம் ஒரு தொகையை அனுப்பினால் அது இரட்டிப்பாகத் திரும்பி வருமாம். சோதனைக்கு 1 ரூபாய் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். உடனே 2 ரூபாய் வந்தது. அடுத்து ஒரு க்யூஆர் கோடு படம் வந்தது. இதை ஸ்கேன் பண்ணி 14,000 என்று போட்டு பின் நம்பரை அடியுங்கள், 28,000 வரும் என்றார்.

அப்போது நான் கேட்டேன். இதை அழுத்திச் சொல்கிறேன், நான் கேட்கத்தான் செய்தேன். "சார், என் அக்கவுண்ட் நம்பர் தரேன், அதுலயே நேராப் போட்டுடலாமே, நான் எதுக்கு அனுப்பணும்?" இருபது வருஷமாகப் பற்று வரவு எழுதுகிறவளுக்கு வர வேண்டிய கேள்வி சரியாக வந்தது. எதிர்முனையில் சில நொடி மௌனம். அப்புறம் குரலே மாறிவிட்டது. கோபம் இல்லை, வருத்தம் கலந்த குரல். "நாங்க எல்லையில நிக்கிறோம் மேம். நீங்க வீட்ல நிம்மதியாத் தூங்குறீங்க. உங்ககிட்ட ஒரு ரூபா வாங்கி ரெண்டு ரூபா கொடுத்தேன். ஒரு ஜவானை நம்ப மாட்டீங்களா? உங்களுக்கு தேசபக்தி கிடையாதா?" கிட்டத்தட்ட இந்த அர்த்தத்தில் இந்தியில் சொன்னார். எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கூசிப்போய்விட்டேன். "சாரி சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன். கேள்வி கேட்டதற்காக மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு, மன்னிப்பை நிரூபிக்கிற மாதிரி, பின் நம்பரை அடித்தேன்.

அடுத்த இருபது நிமிஷம் எப்படிப் போனது என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. 14,000 கழிந்தது, எதுவும் வரவில்லை. சர்வர் தாமதம், நேரம் முடிந்துவிட்டது, இப்போது 28,000 போடுங்கள், எல்லாம் சேர்ந்து வரும் என்றார். போட்டேன். அதுவும் போனது. இப்போது 42,000 நிலுவையில் நிற்கிறது, அதே தொகையை ஒருமுறை போட்டால்தான் சிஸ்டம் திருப்பி அனுப்பும் என்றார். அதையும் போட்டேன். போன 42,000-த்தை மீட்க இன்னொரு 42,000 அனுப்புவதில் இருக்கிற பைத்தியக்காரத்தனம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் தலைக்குள் ஒரே எண்ணம்தான், போன பணம் திரும்ப வேண்டும். அவர்கள் அழைப்பைத் துண்டிக்கவே விடமாட்டார்கள், யோசிக்க இடம் தரமாட்டார்கள். நான்காவதாக 84,000 போடச் சொன்னபோது கணக்கில் அவ்வளவு இல்லை என்று செயலி மறுத்தது. "பக்கத்து வீட்ல கேட்டு வாங்குங்க" என்றார். அந்த வாக்கியத்தில்தான் எனக்கு விழிப்பு வந்தது. மகள் கல்லூரிக்குக் கட்ட வைத்திருந்த பணத்தில் 84,000 காணாமல் போயிருந்தது.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. பணம் வரும் என்று சொல்லி யாராவது பின் அடிக்கச் சொன்னால், உங்கள் கணக்கில் இருந்து பணம் போகப்போகிறது என்று அர்த்தம். வந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்வதும் பணம் கொடுக்கத்தான். ராணுவம், துணை ராணுவம், எந்தத் துறையாக இருந்தாலும் சரி, தலைகீழாகப் பணம் கொடுக்கும் முறை எங்கேயும் இல்லை.

அன்று இரவு நான் செய்த தப்புதான் இன்னும் பெரியது. யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தேன், கணவரோடு வீடியோ காலில் பேசினேன், சிரித்தேன்கூட. பணம் போன துக்கத்தைவிட, கணக்குப் பார்க்கிறவள் இப்படி ஏமாந்தாளே என்று சொல்வார்களே என்ற வெட்கம்தான் நெஞ்சை அடைத்தது. மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் 1930-க்குக் கூப்பிட்டேன். அந்த எண் இணையவழிப் பணமோசடிக்காகவே இருக்கும் உதவி எண், நாடு முழுக்க ஒரே எண்தான். நாம் சொல்லும் பரிவர்த்தனை விவரம் வங்கிகளோடு இணைந்த அமைப்புக்குப் போய், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே பிடித்து வைக்கப் பார்க்கிறார்கள். அதனால் ஒவ்வொரு மணி நேரமும் காசு. நான் கூப்பிட்டபோது பணம் மூன்று கணக்குகளுக்குத் தாவி, பெரும்பகுதி எடுக்கப்பட்டுவிட்டது. ஒரே ஒரு கணக்கில் 9,200 ரூபாய் மாட்டியது. முதல் நாள் மாலையே கூப்பிட்டிருந்தால் எவ்வளவு நின்றிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் அந்த இரவுக்கு ஒரு விலை இருந்தது, அதைக் கொடுத்தது என் வெட்கம். தயவுசெய்து முதலில் 1930, அழுகை அப்புறம்.

போன் செய்த பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும், ஒப்புகை எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 12 இலக்க யுபிஐ குறிப்பு எண் இருக்கும், அதுதான் எல்லாரும் கேட்பது. ஆத்திரத்தில் அந்த ஆளோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலை நான் அழிக்கப் போனேன், கை நடுங்கியதால் பிழைத்தது. அழித்துவிடாதீர்கள். வங்கியில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள், முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். நமக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனையை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் பாதுகாப்புத் தரும் விதியை ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை மூலம் கொண்டுவந்தது. ஆனால் என் விஷயத்தில் பின் நம்பரை நானே அடித்ததால் வங்கி அதைக் காட்டிக் கைவிரித்துவிட்டது. அதுபோல, புகார் கொடுத்த ஒன்பதாம் நாள் ஒருவர் கூப்பிட்டு, சைபர் பிரிவில் இருந்து பேசுகிறேன், பணம் கிடைத்துவிட்டது, 2,500 கட்டினால் விடுவிக்கலாம் என்றார். அதுவும் மோசடிதான். ஒருமுறை ஏமாந்தவர் எண்ணை அவர்களுக்குள் கைமாற்றிக்கொள்கிறார்கள் என்று காவல் நிலையத்தில் சொன்னார்கள். பிடித்து வைத்த என் பணத்தை விடுவிக்க அப்போது நீதிமன்ற உத்தரவு வேண்டியிருந்தது. பணத்தை விடுவிக்க யாரும் போனில் கட்டணம் கேட்க மாட்டார்கள். எனக்கு 9,200 கைக்கு வர ஏழு மாசம் ஆனது. நடுவில் இதற்காக அலைய ஆறு நாள் லீவு போட்டேன்.

பதினோராம் நாள்தான் கணவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் "சித்தப்பாகிட்ட அந்தக் கார்டைக் காட்டு" என்றார். அவருடைய சித்தப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வெலிங்டனில் பயிற்சி எடுத்த காலத்துக் குளிரைப் பற்றி இன்னும் பேசுவார். எனக்குச் சின்ன மாமனார். ஏற்கெனவே குற்ற உணர்ச்சி, இதில் ஒரு நிஜ ராணுவக்காரர் முன்னால் போய் நிற்க வேண்டுமா என்று இருந்தது. போனேன். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் போனை வாங்கி அந்தப் படங்களை விரித்து விரித்துப் பார்த்தார். "ஆர்மின்னு சொன்னான், கார்டு துணை ராணுவத்தோடது. அது வேற துறைம்மா, ஆர்மியே கிடையாது. தொப்பியில இருக்கிற பேட்ஜ் இன்னொரு யூனிட்டோடது" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "முதல்ல, எங்க ஆளுங்க அடையாள அட்டையைப் படம் எடுத்து ஊர் பேர் தெரியாதவங்களுக்கு அனுப்பவே கூடாது."

நான் அந்த ஜவான் வாக்கியத்தைச் சொன்னேன். எல்லையில் நிற்கிறோம், நீங்கள் தூங்குகிறீர்கள் என்று அவன் சொன்னதும் எனக்குக் கேள்வியே எழவில்லை மாமா, எழுந்த கேள்வியும் செத்துப்போனது என்றேன். அவர் போனை மேஜையில் வைத்தார். "நான் இருந்த இடத்துல கேட்ல நின்ன சென்ட்ரி நம்ம பக்கத்து ஊர்ப் பையன். ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கோம். தினமும் காலையில என்னைப் பார்ப்பான், சிரிப்பான், ஆனா கார்டைக் காட்டாம ஒரு நாளும் உள்ளே விட்டதில்ல. விட்டா அவன்மேலதான் தப்பு. என்னை நம்பலையான்னு நான் எப்பவாவது கேட்டிருப்பேனா? கேக்குறது அவன் டியூட்டிம்மா. நீ உன் வீட்டு கேட்ல நின்னு கேட்டே. உன்னை அவன் சாரி சொல்ல வச்சுட்டான்." இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. என் பணத்துக்காக என்று நினைத்தேன். "இருபத்திரண்டு வருஷம் போட்ட சட்டையை எவனோ போட்டுக்கிட்டான்" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த சென்ட்ரி கதைக்கு அப்புறம்தான் எனக்கு விஷயம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. நான் தேசபக்தி என்று நினைத்து வைத்திருந்தது கேள்வி கேட்காமல் இருப்பதை. ராணுவத்துக்குள்ளேயே அதற்கு இடமில்லை. பக்தி என்ற சொல் வந்ததாலோ என்னவோ, சாமி சன்னதியில் நிற்கிற மாதிரி கைகட்டி நிற்க வேண்டும் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. தமிழில் நாட்டுப்பற்று என்று இன்னொரு சொல் இருக்கிறது, எனக்கு அதுதான் இப்போது பிடிக்கிறது. பற்று என்பது நான் தினமும் எழுதுகிற சொல். பற்று எழுதினால் எதிரே வரவு எழுத வேண்டும், இரண்டுக்கும் நடுவில் ரசீது இருக்க வேண்டும். எதில் பற்று இருக்கிறதோ அதன் கணக்கைத்தானே உட்கார்ந்து சரிபார்ப்போம், அக்கறை இல்லாத கணக்கை யார் பார்க்கிறார்கள்? நாட்டின் பேரைச் சொல்லிப் பணம் கேட்பது தப்பும் இல்லை. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது தேசாபிமானத்தைச் சொல்லித்தான் ஜனங்களிடம் பணம் திரட்டினார். ஆனால் கம்பெனியைப் பதிவு செய்து, ஒரு பங்கு 25 ரூபாய் என்று விலை குறித்து, பங்காகத்தான் விற்றார். கொடுத்தவர் கேள்வி கேட்கும் உரிமையோடு கொடுத்தார்.

சரி, இரண்டாவது அடிக்கு வருகிறேன். மாமாவைப் பார்த்துவிட்டு வந்த தைரியத்தில், எங்கள் பகுதிக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை எழுதினேன். பெயர் இல்லாமல், பத்து வரி. ராணுவ வீரர் என்று சொல்லி வாடகைக்குக் கேட்டு யாராவது கூப்பிட்டால் கவனம், பணம் வாங்க பின் அடிக்காதீர்கள் என்று. சிலர் அனுதாபம் சொன்னார்கள். அரை மணியில் ஒருவர், ராணுவத்தை ஏன் இப்படிக் கேவலப்படுத்துகிறீர்கள் என்றார். நான், ராணுவம் இல்லை, ராணுவ வேஷம் போட்டவர்கள் என்று விளக்கினேன். இன்னொருவர், நாடு இருக்கிற நிலைமையில் இப்படிப் பதிவு போடுவது யாருக்கு உதவும் என்று யோசியுங்கள் என்றார். மூன்றாமவர் நேராகவே எழுதினார், இதெல்லாம் தேசவிரோதப் பேச்சு, அட்மின் நீக்க வேண்டும், இல்லாவிட்டால் புகார் கொடுப்பேன் என்று. கீழே வரிசையாகக் கொடிப் படங்கள். என் வீட்டில் இருந்து நாலாவது வீட்டில் இருப்பவர், தினமும் கோலம் போடும்போது வணக்கம் சொல்பவர், அவரும் ஒரு கொடி போட்டார். நான் பதிவை அழித்துவிட்டேன்.

அழித்த ஆறாவது நாள், பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பெரியம்மா என்னைத் தேடி வந்தார். மாடி போர்ஷனுக்கு ஆள் தேடியிருக்கிறார். ஜவான், ஜெய் ஹிந்த், கேன்டீன் கார்டு, 1 ரூபாய்க்கு 2 ரூபாய், எல்லாம் அப்படியே. 31,000 போய்விட்டது. "குரூப்ல நீ என்னமோ எழுதினதாச் சொன்னாங்களே, தேடிப் பார்த்தேன், காணோமேம்மா" என்றார். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? 84,000 போனதுகூட ஆறிவிடும், அந்தக் 'காணோமேம்மா' எனக்கு ஆறவில்லை. அவரை உட்கார வைத்து அங்கேயே 1930-க்குப் போட்டேன். அவருக்கு நடந்து நாலு மணி நேரம்தான் ஆகியிருந்தது. 22,000 நின்றது.

அன்று இரவு, தேசவிரோதி என்றால் சட்டப்படி என்னதான் அர்த்தம் என்று உட்கார்ந்து தேடினேன். பயந்து அழித்ததற்கு, எதைப் பார்த்துப் பயந்தேன் என்றாவது தெரிய வேண்டும் என்று இருந்தது. 2021 டிசம்பரில் மத்திய உள்துறை இணையமைச்சர் மக்களவையில் எழுத்துமூலம் கொடுத்த பதிலில், தேசவிரோதம் என்ற சொல்லுக்குச் சட்டங்களில் வரையறை இல்லை என்றே சொல்லியிருக்கிறார். ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. நெருக்கடி நிலையின்போது 1976-ல் வந்த 42-வது திருத்தம் அரசியலமைப்பில் 31-டி என்று ஒரு பிரிவைச் சேர்த்து, தேசவிரோதச் செயலுக்கு வரையறை கொடுத்தது. 1977-ல் கொண்டுவந்த 43-வது திருத்தம் அதை நீக்கிவிட்டது. நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு எதிரான செயல்களைத் தண்டிக்கத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன, அது வேறு. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் உங்கள்மேல் தூக்கிப் போடுகிற அந்தச் சொல் ஒரு குற்றத்தின் பெயரே இல்லை. சட்டப் பெயரோடு குற்றம் இருப்பது அந்த மோசடிக்காரன்மேல்தான். கம்ப்யூட்டர், போன் வழியாக இன்னொருவராக நடித்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதே 42-வது திருத்தம்தான் அடிப்படைக் கடமைகள் என்ற 51-ஏ பிரிவையும் கொண்டுவந்தது, அது இன்னும் இருக்கிறது. மகளின் பழைய சமூக அறிவியல் புத்தகத்திலும் அந்தப் பட்டியல் இருந்தது. தேசியக் கொடியையும் கீதத்தையும் மதிப்பது முதல் கடமை. அதே பட்டியலில் எட்டாவதாக, அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராய்ந்து கேட்கும் உணர்வையும் வளர்ப்பது. கொடி வணக்கமும் கேள்வியும் ஒரே பக்கத்தில், ஒரே எழுத்து அளவில். பள்ளியில் நானும் படித்திருப்பேன். முதல் கடமை மட்டும்தான் மனசில் தங்கியிருக்கிறது.

மறுநாள் மாமாவிடம் போய், அவர் குரலிலேயே இரண்டு நிமிஷம் பதிவு செய்து தரச் சொன்னேன். தன் ரெஜிமென்டைச் சொல்லி, ராணுவத்தில் இருப்பவன் யாரும் வீட்டைப் பார்க்காமல் வாடகை பேச மாட்டான், பணம் இரட்டிப்பாக்க மாட்டான், கார்டைக் கேட்டால் கோபிக்க மாட்டான் என்று சொன்னார். அதை முதலில் போட்டு, கீழே என் பத்து வரியையும் போட்டேன். இந்த முறை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முன்னாள் ராணுவ வீரர் என்பதால்தான் அந்த மௌனம் என்று எனக்குத் தெரியும், அதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. நான் எழுதியதும் அவர் சொன்னதும் ஒன்றுதான், என் பேச்சுக்கு மட்டும் ஏன் ஒரு சீருடை துணை வேண்டியிருந்தது? உங்களிடம் அப்படி ஒரு மாமா இல்லாவிட்டாலும் எழுதுங்கள், அழிக்கச் சொன்னால் அழிக்காதீர்கள். வாக்குவாதம் செய்ய வேண்டாம், எந்த வரி பொய் என்று மட்டும் கேளுங்கள்.

இதைச் சொல்லாவிட்டால் மனசு கேட்காது: இந்த அனுபவத்தால் ராணுவத்தினர் குடும்பங்களுக்கு உதவுவதை விட்டுவிடாதீர்கள். ஏதாவது பெரிய தாக்குதல் நடந்தவுடன், வீரர்கள் குடும்பத்துக்கு நிதி என்று வங்கிக் கணக்கு எண்ணோடு செய்திகள் பரவும். அவற்றில் இருக்கும் எண்ணுக்கு அனுப்பாதீர்கள், அவ்வளவுதான். துணை ராணுவத்தில் உயிர்நீத்தவர்களின் குடும்பங்களுக்கு மத்திய உள்துறையின் பாரத் கே வீர் தளம் 2017-ல் இருந்து இருக்கிறது. முப்படையினருக்குக் கொடிநாள் நிதி இருக்கிறது, 1949-ல் இருந்து டிசம்பர் 7-ஐக் கொடிநாளாகக் கொண்டாடுகிறோம். நம் மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, நேரிலேயே போய்க் கேட்கலாம். முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள், யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டுப் போகாதீர்கள்.

டிசம்பரில் எங்கள் அலுவலகத்துக்குக் கொடிநாள் நிதி வாங்க ஒருவர் வந்தார். அறுபது வயசு இருக்கும், சட்டைப் பையில் சின்னக் காகிதக் கொடி குத்தியிருந்தார். எல்லாரும் பத்து, இருபது என்று கொடுத்தார்கள். என் மேஜைக்கு வந்தபோது என் கை பர்ஸுக்குப் போகவில்லை, நெஞ்சு படபடவென்று அடித்தது. "ஐயா, எந்த ஆபீஸ்ல இருந்து வர்றீங்க? அடையாள அட்டை இருக்கா?" என்று கேட்டேன். பக்கத்து மேஜைப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெரியவர் கொஞ்சமும் முகம் மாறாமல் கழுத்தில் தொங்கிய அட்டையைச் சட்டைக்குள் இருந்து வெளியே எடுத்து, நான் படிக்க வசதியாக வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தார். 500 ரூபாய் கொடுத்தேன். அவர் ரசீதுப் புத்தகத்தை என் மேஜையிலேயே விரித்து, கார்பன் தாளை நேராக்கி வைத்துக்கொண்டு, "பேர் சொல்லுங்கம்மா" என்றார்.